கத்திரி வெயிலும் கேமராவும்: கோடையில் இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்க முழுமையான வழிகாட்டி

சூரியன் உதித்த பின்னும் மறைவதற்கு முன்னும் ஒரு மணி நேரம் ‘பொன்னொளி நேரம்’ என்று புகைப்படப் பாடங்கள் சொல்கின்றன. அது குளிர்நாட்டுக் கணக்கு. தமிழ்நாடு பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 முதல் 13½ பாகைக்குள் இருக்கிறது. இங்கே சூரியன் சாய்வாக ஏறுவதில்லை, ஏறக்குறைய நட்டுக்குத்தாக ஏறுகிறது. மே மாதத்தில் உதித்த 25 நிமிடத்தில் 6 பாகை உயரம், ஒரு மணி நேரத்தில் 14 பாகை, இரண்டு மணி நேரத்தில் 28 பாகை. மஞ்சள் வெளிச்சம் முழுசாக அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம்.

நடுப்பகலில் இன்னொரு சிக்கல். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியும், மதுரையில் 16-ஐ ஒட்டியும், சென்னையில் 24-ஐ ஒட்டியும் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிழலே இல்லாமல் போகும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் வரை உச்சிச் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. நிழல் இல்லாத இடத்தில் மேடு பள்ளம் தெரியாது, படம் தட்டையாகிவிடும்.

ஆகவே கோடையில் ‘இன்று எதை எடுக்கலாம்’ என்று யோசிப்பதைவிட ‘இந்த நேரத்து வெளிச்சத்துக்கு எது ஒத்துவரும்’ என்று யோசிப்பதே வேலைக்கு ஆகும். கீழே உள்ளவை அந்த வரிசையில்தான் போகின்றன.

கையில் என்ன இருக்க வேண்டும்

கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ் இங்கே சொல்லும் பெரும்பாலான வேலைக்குப் போதும். அதை விற்றுவிட்டு விலை உயர்ந்த லென்ஸ் வாங்குவதற்கு முன், அந்தப் பணத்தில் ஆடாத ட்ரைபாட் ஒன்று வாங்குங்கள். பிறகு வட்டப் போலரைசர் ஃபில்டர், ரிமோட் அல்லது கேபிள் ரிலீஸ், காற்றூதும் ரப்பர் பந்து, மைக்ரோஃபைபர் துணி இரண்டு, கூடுதல் பேட்டரி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை. கடற்கரைக்குப் போவதென்றால் 6 ஸ்டாப் அல்லது 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). ஆளுக்குக் குறைந்தது 3 லிட்டர் தண்ணீர், தொப்பி, கணுக்கால் மூடும் ஷூ.

படங்களை ‘ரா’ வடிவத்திலேயே, அதாவது சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பாகவே எடுங்கள். கோடை வெளிச்சத்தில் வானுக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசத்தை ஜேபெக் தாங்காது. கைபேசியில் எடுப்பவர்களும் ‘ப்ரோ’ முறையில் ரா வசதி இருந்தால் அதையே பயன்படுத்தலாம்.

விடியலுக்கு முன்பிருந்து 7 மணி வரை: தரையின் நேரம்

கண்மாய், ஏரியின் வெடித்த வண்டல், தேரி மணல், கடற்பாறை. இவை எல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் மட்டுமே உயிர் பெறும். மே மாதத்தில் சூரியன் சென்னையில் ஏறக்குறைய 5:45-க்கும் மதுரையில் 5:55-க்கும் உதிக்கிறது. அதற்கு 40 நிமிடம் முன்பே ட்ரைபாட் தரையில் நிற்க வேண்டும். இடத்தை முந்தைய நாள் மாலையே பார்த்து வைத்துவிடுங்கள். இருட்டில் முன்னணிக் காட்சியைத் தேடுவது வீண் அலைச்சல். சூரியன் நேர் கிழக்கில் உதிக்காது என்பதையும் கணக்கில் எடுங்கள்: மே நடுவில் அது சுமார் 19 பாகை வடக்கே தள்ளி உதிக்கும், அதே அளவு வடக்கே தள்ளி மறையும். கன்னியாகுமரி முனையிலிருந்து கோடையில் சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க முடியாததற்கு இதுதான் காரணம். அந்தக் காட்சி அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடு வரைதான். திசை காட்டும் செயலி ஒன்றைக் கைபேசியில் வைத்துக்கொண்டால் இந்த ஏமாற்றம் வராது.

வெடித்த கண்மாய்த் தரையை எடுக்கும் முறை:

1. வெடிப்புகள் பெரிதாக, விளிம்பு சுருண்டு நிற்கும் இடத்தைத் தேடுங்கள். பொதுவாக அது நீர் கடைசியாகத் தேங்கிய ஆழமான பகுதி. மேலே காய்ந்திருந்தாலும் அடியில் சேறு இருக்கலாம். குச்சியால் குத்திப் பார்த்துவிட்டுக் கால் வையுங்கள்.

2. கேமராவைத் தரையிலிருந்து 40 முதல் 60 செ.மீ. உயரத்தில் வைத்து லேசாகக் கீழே சாயுங்கள். சூரியன் உங்களுக்கு இடப்புறமோ வலப்புறமோ இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெடிப்பின் நிழலை வெடிப்பே மறைத்துக்கொள்ளும், உங்கள் நிழலும் படத்தில் விழும்.

3. 18 மி.மீ., எஃப்/11 (லென்ஸ் துளையின் அளவு, அதாவது அபர்ச்சர்; எண் கூடினால் துளை சிறுக்கும்), ஐஎஸ்ஓ 100 (சென்சாரின் ஒளியுணர்வு). ஏபிஎஸ்-சி கேமராவில் (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்டது) 1.5 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் வைத்தால் 75 செ.மீ. முதல் தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். முழு ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ., எஃப்/11 என்றால் 1.75 மீட்டர். ‘எல்லாம் தெளிவாக வேண்டும்’ என்று எஃப்/22-க்குப் போகாதீர்கள். சிறுத்த துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் படம் முழுவதுமே மங்கும்.

4. ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, இரண்டு நொடி டைமரில் மூன்று படம்: சரியான எக்ஸ்போஷர், 2 ஸ்டாப் குறைவு, 2 ஸ்டாப் கூடுதல். பிறகு வானையும் தரையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

5. சூரியன் 10 பாகை உயரத்தில் இருக்கையில், அதாவது உதித்த 45 நிமிடத்துக்குள், முக்கியப் படத்தை முடித்துவிடுங்கள். 10 பாகையில் நிழல் பொருளின் உயரத்தைப்போல ஐந்தரை மடங்கு நீளும். எட்டு மணிக்கு இரண்டு மடங்குகூட இருக்காது.

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தேரிக்காட்டுச் செம்மணலுக்கும் இதே முறைதான், இரண்டு மாற்றங்களோடு. முதலாவது, ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பாதீர்கள். படம் முழுக்கச் சிவப்பாக இருப்பதைக் கேமரா ‘தவறு’ என்று எடுத்துக்கொண்டு நீலத்தைச் சேர்க்கும். தேரி மணல் சாயம் போன செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். 5200 முதல் 5500 கெல்வினுக்குள் நிலையாக வையுங்கள். இரண்டாவது, மே கடைசியில் தென்மேற்குக் காற்று எழும்பினால் மணல் பறக்கும். அங்கே லென்ஸ் மாற்றவே கூடாது. ஏப்ரல் காலை நேரங்கள் பாதுகாப்பானவை. காற்று முந்தைய நாளின் காலடித் தடங்களை அழித்து வரி வரியாக அலை போட்டிருக்கும். அந்த அலை மேல் நீங்கள் நடந்துவிட்டால் படம் போனது. ஓரமாகவே சுற்றிப் போங்கள்.

கடற்கரையில் 10 ஸ்டாப் என்டி போட்டால் வெளிச்சம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். 1/60 நொடி 16 நொடியாகும், அலை பனிமூட்டம்போலப் படியும். ஆனால் பாறையில் மோதி வழியும் நீரின் கோடுகள் வேண்டுமென்றால் அவ்வளவு நேரம் வேண்டாம். அரை நொடி முதல் ஒரு நொடி வரை, அலை பின்வாங்கத் தொடங்கும் கணத்தில் அழுத்துங்கள். முட்டம் போன்ற பாறைக் கரைகளில் இதுதான் பொருந்தும். ட்ரைபாட் கால் மணலில் ஒவ்வொரு அலைக்கும் சிறிது சிறிதாக இறங்கும். நீண்ட எக்ஸ்போஷர் மங்கலாக வந்தால் லென்ஸைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். ஒவ்வொரு காலையும் முதலிலேயே ஓரடி ஆழம் அழுத்திப் பதித்துவிட்டால் தீர்ந்தது.

7 முதல் 10 வரை: பூவும் பனையும்

சித்திரை, வைகாசியில் சரக்கொன்றை, வேம்பு, புங்கை, மயில்கொன்றை எல்லாம் பூக்கும். இங்கே அதிகம் கெடுவது நிறம். மயில்கொன்றையின் சிவப்பில் கேமராவின் சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழியும். மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள், வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காகத்தான் இருக்கும். விளைவு, இதழில் நரம்பு எதுவும் தெரியாத செந்நிறத் திட்டு. சரக்கொன்றை மஞ்சளில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து வழியும். கேமராவில் மூன்று நிறங்களுக்குமான தனித்தனி ஹிஸ்டோகிராமைப் போட்டு, சிவப்பு வலது ஓரத்தைத் தொடாமல் விலகும் வரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள். பெரும்பாலும் மைனஸ் 2/3 முதல் மைனஸ் 1 வரை.

போலரைசர் இந்த நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டிக் கட்டைவிரலைச் செங்குத்தாக விரியுங்கள். கையைச் சுழற்றும்போது கட்டைவிரல் காட்டும் திசைகளில்தான் வானம் அதிகம் கருக்கும். போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் என்பதால் கையில் பிடித்து எடுக்கும்போது ஐஎஸ்ஓவை உயர்த்துங்கள். 18 மி.மீ. போன்ற அகல லென்ஸில் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கரும்பட்டையாக விழுவது ஃபில்டரின் குறையல்ல, வானத்தின் இயல்பு. 35 மி.மீ.-க்கு மேல் போய்விட்டால் தெரியாது.

பனைக்காட்டுக்கு 100 முதல் 200 மி.மீ. லென்ஸ். தொலைவிலிருந்து எடுத்தால் மரங்கள் நெருங்கி வரிசை கட்டி நிற்கும். ஆனால் ஒன்பது மணிக்கு மேல் கானல் கெடுக்கத் தொடங்கும். சூடான தரையை ஒட்டிய காற்றும் மேலே உள்ள காற்றும் ஒளியை வேறு வேறு அளவில் வளைப்பதால், தொலைவில் இருப்பது தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல நெளியும். விலை உயர்ந்த லென்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

‘என் டெலிஃபோட்டோ ஷார்ப்பாக இல்லை’ என்று வரும் கோடைக் காலப் புகார்களில் கணிசமானவை கானல் செய்த வேலை. கண்டுபிடிப்பது எளிது. ட்ரைபாடில் வைத்து ஒரே காட்சியைத் தொடர்ந்து பத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் மங்கல் வேறு வேறு இடத்தில் இருந்தால் காற்று. பத்திலும் ஒரே மாதிரி மங்கல் என்றால் ஃபோகஸ். ஒரே திசையில் இழுத்தாற்போல இருந்தால் கேமரா ஆட்டம். காற்றுதான் என்று தெரிந்தால் நெருங்கிப் போவது, தார்ச்சாலையை விட்டு விலகிப் புல்லுக்கோ நீருக்கோ மேலாகப் பார்ப்பது, கேமராவை உயரத்தில் வைப்பது ஆகியவை உதவும். குளிர்சாதனம் ஓடும் காரின் திறந்த ஜன்னல் வழியாக எடுத்தாலும் இதே நெளிவு வரும். சற்று முன்னதாகவே ஏசியை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து வைத்துவிடுங்கள்.

உச்சி வெயில்: அகச்சிவப்பு

பதினொன்று முதல் மூன்று வரை கேமராவைப் பைக்குள் வைக்கச் சொல்வார்கள். உடம்புக்கு அது நல்ல அறிவுரை. ஆனால் ஒரு வகைப் படத்துக்கு மட்டும் இந்த வெயில்தான் உரம். பச்சை இலை அகச்சிவப்புக் கதிரைப் பலமாகத் திருப்பி அனுப்பும், நீல வானம் மிகக் குறைவாகவே அனுப்பும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை விடும் 720 நானோமீட்டர் ஃபில்டர் போட்டால் ஆலமரமும் புளியமரமும் வெண்பனி பூத்தாற்போல வெளுக்கும், வானம் கறுக்கும், மேகம் எழுந்து நிற்கும். நிழலில் உட்கார்ந்தபடி வெயிலில் நிற்கும் மரத்தை அரை மணி நேரம் எடுத்தால் போதும். வெயிலில் அலைய வேண்டியதில்லை.

முதலில் உங்கள் கேமரா அகச்சிவப்பைப் பார்க்கிறதா என்று சோதியுங்கள். டிவி ரிமோட்டை லென்ஸை நோக்கிப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்தி லைவ் வியூவில் பாருங்கள். ஊதா-வெள்ளைப் புள்ளி மினுக்கினால் பார்க்கிறது. மிக மங்கலாகத் தெரிந்தால் எக்ஸ்போஷர் நீளும், அவ்வளவுதான்.

1. ட்ரைபாடில் வைத்து, ஃபில்டர் இல்லாமல் காட்சியை அமையுங்கள். ஃபில்டர் போட்ட பிறகு வ்யூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது.

2. ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றுங்கள். அகச்சிவப்பின் ஃபோகஸ் புள்ளி கண்ணுக்குத் தெரியும் ஒளியின் புள்ளியிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும். அந்தப் பிழையை மறைக்க எஃப்/8 அல்லது எஃப்/11.

3. ஃபில்டரை மெதுவாகத் திருகுங்கள். ஃபோகஸ் வளையம் கூடவே திரும்பிவிடும்; ஒரு துண்டு டேப் ஒட்டினால் நல்லது.

4. வெயில் படும் புல்தரையை எடுத்து அதை வைத்துக் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் அமையுங்கள். சில மென்பொருள்களில் வண்ண வெப்பநிலை 2000 கெல்வினுக்குக் கீழே இறங்காததால், இதைக் கேமராவிலேயே செய்துவிடுவது மேல். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே செஞ்சாந்தாக வரும்.

5. ஐஎஸ்ஓ 400 முதல் 800, எக்ஸ்போஷர் 10 நொடியிலிருந்து தொடங்குங்கள். அகச்சிவப்புக்கென மாற்றியமைக்கப்படாத கேமராவுக்கு 30 நொடி வரைகூட ஆகலாம். டிஎஸ்எல்ஆர் என்றால் வ்யூஃபைண்டரை மூடிவிடுங்கள். அதன் வழியாக வெளிச்சம் கசியும்.

படத்தின் நடுவில் வட்டமாக வெளிறிய திட்டு விழுந்தால் அது லென்ஸின் உள்பூச்சால் வருவது. அபர்ச்சரைத் திறந்து எஃப்/5.6-க்கு வந்தால் குறையும். போகாவிட்டால் வேறு லென்ஸ்தான். காற்று அடித்தால் இலைகள் பஞ்சாகக் குழையும். சிலருக்கு அது பிடிக்கும், கோயில் குளத்தோரம் எடுக்கும்போது அழகாகக்கூட இருக்கும். கணினியில் சிவப்பு, நீலச் சேனல்களை மாற்றிப்போட்டால் வானம் நீலத்துக்குத் திரும்பும். கறுப்பு-வெள்ளைதான் பெரும்பாலும் பொருத்தம்.

உப்பளம் பற்றி ஒரு சொல். வெண்மை நிறைந்த காட்சியைக் கேமரா சாம்பலாக்கிவிடும். பிளஸ் 1 முதல் பிளஸ் 1 2/3 வரை கூட்டுங்கள். தூத்துக்குடியிலும் மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் வெயிலுக்குப் பயந்து வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும், ஆகவே நீங்களும் அப்போதே போக வேண்டும். முதலில் அனுமதி கேளுங்கள். பாத்திக்குள் கால் வைத்தால் அது ஒருவருடைய விளைச்சலில் கால் வைப்பது.

மாலை: இடியும் மின்னலும்

கோடை மழை பெரும்பாலும் பிற்பகல் சூட்டில் திரண்டு மாலையில் இடிக்கும். மின்னல் படம் கேமரா விஷயத்தில் எளியது, இடத்தேர்வில் ஆபத்தானது. வெட்டவெளி, மொட்டை மாடி, பனைமரத்தடி எதுவும் கூடாது. கான்கிரீட் கட்டடத்துக்குள் இருந்து ஜன்னல் வழியாக எடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம்.

அறை விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல வைத்துச் சுற்றிலும் கறுப்புத் துணி போடுங்கள். தொலைதூரத் தெருவிளக்கில் மேனுவல் ஃபோகஸ். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 15 நொடி. கேபிள் ரிலீஸைப் பூட்டித் தொடர்ந்து ஓடவிடுங்கள். மின்னலைப் பார்த்து விரலை அழுத்த நினைப்பது வேலைக்கு ஆகாது. மின்னலின் வெளிச்சத்தைத் தீர்மானிப்பது அபர்ச்சரும் ஐஎஸ்ஓவும். ஷட்டர் நேரம் ஊர் வெளிச்சத்தையும் வானத்தையும் மட்டுமே மாற்றும். ஆகவே மின்னல் வெந்துபோய் வெள்ளைப் பட்டையாக வந்தால் எஃப்/11-க்குப் போங்கள், தூரத்து மின்னல் மெலிதாக வந்தால் எஃப்/5.6. ஊர் விளக்குகள் மிஞ்சினால் மட்டும் நொடிகளைக் குறையுங்கள்.

மழைக்கு மறுநாள் காலையை விடாதீர்கள். கோடை முழுவதும் தொங்கும் தூசி ஒரே இரவில் கழுவப்பட்டிருக்கும். மலைகள் அடுக்கடுக்காகத் தெரிவது அந்த ஒன்றிரண்டு நாள்தான். ஊட்டி, கொடைக்கானல் போவதென்றால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். காட்டுத்தீ காலத்தில் மலையேற்றப் பாதைகள் மூடப்படும். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நினைவில் வைத்து அதை மதியுங்கள்.

இரவு: பால்வீதி

பால்வீதியின் மையம் கோடையில்தான் நமக்கு வசதியாக வருகிறது. ஐரோப்பியர்களுக்கு அது தொடுவானத்தை ஒட்டிக் கிடக்கும். நமக்குத் தென்வானில் 50 பாகை உயரம் வரை ஏறும். ஏப்ரல் நடுவில் இரவு பத்தே முக்கால் அளவில் உதித்து விடியற்காலை நான்கேகாலுக்கு உச்சிக்கு வரும். மே நடுவில் இரண்டு மணி நேரம் முன்னதாக. அமாவாசைக்கு முன்னும் பின்னும் நான்கு நாள் போதும். சிவந்த கேட்டை நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, தேளின் கொடுக்கில் இருக்கும் மூலத்துக்கு இறங்கி, அங்கிருந்து வடக்கே, லேசாகக் கிழக்கே சாய்ந்து பாருங்கள். அதுதான் இடம்.

18 மி.மீ., எஃப்/3.5, ஐஎஸ்ஓ 3200 முதல் 6400, 13 முதல் 15 நொடி. 500-ஐ லென்ஸ் நீளத்தால் வகுக்கும் பழைய விதி ஏபிஎஸ்-சி கேமராவில் (நீளத்தை 1.5-ஆல் பெருக்கிக்கொண்டு) 18 நொடி தரும், ஆனால் இன்றைய சென்சார்களில் நட்சத்திரம் கோடாகத் தெரியும். ஃபோகஸுக்குப் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் வரை திருப்புங்கள். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பினால் எல்லாம் மங்கலாக வரும். ஒயிட் பேலன்ஸ் 4000 கெல்வின்.

சூடான இரவில் சென்சாரும் சூடாகி, சிவப்பு நீலப் புள்ளிகளை அதிகம் காட்டும். பதினைந்து படம் தொடர்ந்து எடுத்து மென்பொருளில் அடுக்குவதுதான் மருந்து. கடைசியில் மூடியைப் போட்டு அதே நொடிகளில் ஐந்து கறுப்புப் படமும் எடுத்துவிடுங்கள், அவை அந்தப் புள்ளிகளைக் கழிக்கப் பயன்படும். இப்படி அடுக்குவதாக இருந்தால் கேமராவின் நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்கும் இரட்டிப்பு நேரம் ஆகும்.

இடம் என்று வரும்போது காப்புக்காடுகளில் இரவில் நுழைய அனுமதி இல்லை. தனுஷ்கோடியிலும் மாலையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். தெரிந்தவர் தோட்டம், மலையோரத் தங்கும் விடுதியின் முற்றம் ஆகியவைதான் நடைமுறைக்கு ஒத்துவரும். வெக்கைக்குப் பாம்புகள் இரவில் நடமாடும். டார்ச்சைக் காலடியில் அடித்துக்கொண்டே நடங்கள்.

வெயிலிலிருந்து கேமராவைக் காப்பது

பெரும்பாலான கேமராக்களின் இயங்கு வெப்ப வரம்பு 40 பாகை செல்சியஸ்தான். பூட்டிய கார் வெயிலில் அதைச் சாதாரணமாகத் தாண்டும், அங்கே விட்டுவிட்டுப் போகாதீர்கள். நேர் வெயிலில் கறுப்பு கேமரா இன்னும் வேகமாகச் சூடேறும், வெள்ளைத் துண்டு ஒன்றை நனைக்காமல் போர்த்துங்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து கடற்கரைக்கு வந்தால் லென்ஸ் உள்ளும் புறமும் வியர்க்கும். அறையிலேயே ஜிப் பைக்குள் போட்டு மூடி, வெளியே வந்தபின் அரை மணி நேரம் திறக்காமல் வைத்தால் நீர் பைமேல்தான் படியும். விடியல் படத்துக்கு இந்த அரை மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்துக் கிளம்புங்கள். லென்ஸில் மணல் இருந்தால் முதலில் ஊதும் பந்து, பிறகே துணி. உப்புத் துளி காய்ந்திருந்தால் நன்னீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களை முழுசாக நீட்டி நன்னீரில் கழுவி, விரித்தபடியே நிழலில் உலர விடுங்கள். மடித்து வைத்தால் உப்பு உள்ளே இருந்து பூட்டுகளை அரிக்கும். மழைக்காலம் வருவதற்குள் லென்ஸ்களைச் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்துவிடுங்கள். மிக மலிவான ஈரப்பதமானி வேண்டாம், சற்று நல்லதாகவே வாங்குங்கள்.